வேர்ட் பேசவில்லையா? ஆபீஸ் பதிப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2019-லேயே இருக்கலாமா, 2024 வாங்கலாமா, 365-க்குச் சந்தா கட்டலாமா? பெரும்பாலும் ஏதோ ஒன்று பேசாமல் போன பிறகுதான் இந்தக் கேள்வி வருகிறது. நேற்று வரை வாசித்த கோப்பு இன்று மௌனமாக இருக்கும், அல்லது அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த வரி வருவதற்குள் பொறுமை போய்விடும். உடனே பதிப்பின் மேல் பழி விழுகிறது. பணம் கட்டிப் புதியது போட்ட பிறகும் அதே மௌனம் தொடர்ந்தால் மனம் சோர்ந்துவிடும்.

கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: ஆபீஸில், திரைவாசிப்பானில், அல்லது அந்தக் கோப்பில். எங்கே என்று தெரிந்த பிறகு பதிப்பைப் பற்றி முடிவெடுப்பதுதான் சரி. அதற்காக, காதில் விழும் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். எல்லாம் விண்டோஸை வைத்துத்தான். விசைகள் என்விடிஏ என்ற திரைவாசிப்பானுக்கு உரியவை, ஏனென்றால் அது இலவசம், யாரும் இறக்கிச் சோதிக்கலாம். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை வைத்திருப்பவர்களுக்கு விசைகள் மாறும், காரணங்கள் பெரும்பாலும் மாறாது. 'என்விடிஏ விசை' என்று வரும் இடத்தில் இன்செர்ட் அல்லது கேப்ஸ் லாக், உங்கள் அமைப்பில் எது உள்ளதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பில்ட் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆண்டு அவ்வளவாக உதவாது. 2016, 2019, 2021, 2024, 365 எல்லாமே உள்ளுக்குள் 16.0 என்ற ஒரே எண்ணில்தான் தொடங்குகின்றன. திரைவாசிப்பான் பார்ப்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணை, அதுதான் பில்ட் எண். வேர்டில் ஃபைல், அப்புறம் அக்கவுண்ட், அங்கே 'அபவுட் வேர்ட்' பொத்தான். என்டர் தட்டினால் திறக்கும் பெட்டியின் முதல் வரியில் வெர்ஷன், பில்ட், 32 பிட்டா 64 பிட்டா என்பதெல்லாம் இருக்கும். வெர்ஷன் நான்கு இலக்கம்: 2408 என்றால் 2024-ஆம் ஆண்டு எட்டாம் மாதம். பில்ட் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

இதில் பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. ஆபீஸ் 2021 என்ற பெயரில் இரண்டு வகை இருக்கிறது. கடையில் தனிநபர் வாங்குவது ஒன்று. நிறுவனங்கள் மொத்த உரிமத்தில் வாங்கும் எல்டிஎஸ்சி இன்னொன்று. முதலாவதன் பில்ட் எண் புதுப்பிப்புகளோடு ஏறிக்கொண்டே போகும். எல்டிஎஸ்சி 14332-லேயே நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சேரும். அதனால்தான் வீட்டில் 2021 நன்றாக வாசிக்கும்போது அலுவலகத்தின் 2021 திணறலாம். இரண்டு பேர் "என்னிடமும் அதே பதிப்புதான்" என்று பேசிக்கொண்டாலும் அவர்கள் வைத்திருப்பது வேறு வேறாக இருக்கலாம்.

ஒரு சோதனையையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எது பேசாமல் போனாலும் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டரை எழுப்புங்கள். என்விடிஏ வாசிக்காத அதே இடத்தை நரேட்டர் வாசித்தால், ஆபீஸ் தகவலைக் கொடுக்கிறது, அதைப் பெறும் என்விடிஏ பக்கம்தான் சிக்கல். இரண்டும் வாசிக்காவிட்டால் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பில் இரண்டு வரி தட்டச்சு செய்து பாருங்கள். அது வாசிக்கப்பட்டால் குற்றம் பழைய கோப்பின் மேல். இதற்கு மேல் எந்த நிபுணரும் முதல் கட்டத்தில் வேறெதுவும் செய்யப்போவதில்லை. முடிந்ததும் அதே விசைகளால் நரேட்டரை நிறுத்திவிடுங்கள், இரண்டு குரலும் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியாது.

"மின்னஞ்சலில் வந்த கோப்பு திறக்கிறது, ஆனால் வாசிக்கவில்லை, தட்டச்சும் ஏறவில்லை"

இதற்கும் பதிப்புக்கும் தொடர்பே இல்லை. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பை ஆபீஸ், பாதுகாப்புக்காகத் திருத்தத்தைப் பூட்டிய ப்ரொடெக்டட் வியூவில் திறக்கிறது. அந்தப் பார்வையில் திரைவாசிப்பானுக்கு உள்ளடக்கம் முழுமையாகக் கிடைப்பதில்லை. பார்வையுள்ளவர்களுக்கு மேலே மஞ்சள் பட்டை தெரியும். நமக்கு எஃப்6-ஐத் தட்டிக்கொண்டே போனால் அந்தப் பட்டை வரும். டேப் தட்டி 'எனேபிள் எடிட்டிங்' பொத்தானில் என்டர். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கோப்பைத் திறக்கும் முன்பே கோப்புறையில் அதன் மேல் ஆல்ட் என்டர் தட்டி, பண்புகள் பெட்டியில் 'அன்பிளாக்' என்ற தேர்வுப்பெட்டியைக் குறியிட்டாலும் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று ரீடிங் வியூ. வேர்ட் ஆப்ஷன்ஸ், ஜெனரல் பக்கத்தின் கீழே, மின்னஞ்சல் இணைப்புகளையும் திருத்த முடியாத கோப்புகளையும் ரீடிங் வியூவில் திற என்ற பொருளில் ஒரு தேர்வுப்பெட்டி இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் ஸ்டார்ட் ஸ்கிரீனைக் காட்டு என்பதையும் நீக்கினால், வேர்டைத் திறந்ததும் நேராக வெற்றுக் கோப்பில் போய் நிற்பீர்கள்.

"எங்கு போனாலும் 'அன்நோன்' என்கிறது, அல்லது 'பேன்' என்று சொல்லி நின்றுவிடுகிறது"

ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவிய பிறகோ நீக்கிய பிறகோ இது தொடங்கியிருந்தால், விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பதிவுகள் கலைந்திருக்கும். என்விடிஏ மெனுவில் டூல்ஸ், அதற்குள் 'காம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபிக்ஸிங் டூல்'. அதை ஓடவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும்.

தீராவிட்டால், கணினியில் இரண்டு ஆபீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கணினியோடு சோதனைக்காக வந்த 365 ஒன்று, நீங்கள் பிறகு போட்ட 2019 ஒன்று என்று இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றை நீக்கினால் மற்றதன் பதிவுகளும் அரைகுறையாகப் போய்விடுவது உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவிய செயலிகள் பட்டியலில் ஆபீஸைத் தேடி, மாடிஃபை கொடுத்து, முதலில் குயிக் ரிப்பேர், பலிக்காவிட்டால் ஆன்லைன் ரிப்பேர். ஆன்லைன் ரிப்பேர் கிட்டத்தட்ட மறுபடி நிறுவுவதற்குச் சமம், நல்ல இணைய இணைப்பு இருக்கும்போது செய்யுங்கள்.

இதன் பிறகும் அப்படியே இருந்தால், கூடுதலாகச் செருகிய சிறு நிரல்களான ஆட்-ஆன்களைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் ஆட்-ஆன்கள் உண்டு. என்விடிஏ விசையுடன் க்யூ தட்டி, வரும் பெட்டியில் ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வேர்டின் பக்கத்துக்கு, கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடியே வேர்டைத் திறந்தால், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். சேஃப் மோடில் ஒழுங்காகப் பேசினால், ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் பக்கம் போய் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

"வாசிக்கிறது, ஆனால் ஆமை வேகம்"

பதிப்பு உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வேர்டிலிருந்து எழுத்தை எடுக்கத் திரைவாசிப்பானுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆப்ஜெக்ட் மாடல் என்ற பழைய வழி. இன்னொன்று யுஐ ஆட்டோமேஷன் என்ற புதிய வழி. பழைய வழியில் ஒவ்வொரு சின்ன விவரத்துக்கும் வேர்டைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இது தடித்த எழுத்தா, எழுத்துப்பிழையா, எந்தப் பக்கம், அட்டவணையா? நூறு பக்கத்துக்கு மேல் போனால், அதிலும் ட்ராக் சேஞ்சஸ் (குறித்துவைத்த திருத்தங்கள்) நிறைந்த கோப்பென்றால், இந்தக் கேள்விகளே நேரத்தை விழுங்கிவிடும்.

என்விடிஏ 2022.1 பதிப்பு முதல், விண்டோஸ் 11-இல் வேர்டின் பில்ட் 16.0.15000 அல்லது அதற்கு மேல் இருந்தால், என்விடிஏ தானாகவே புதிய வழிக்கு மாறிவிடுகிறது. வேகத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். இப்போது மேலே குறித்துவைத்த பில்ட் எண்ணை எடுங்கள். எல்டிஎஸ்சி 2021-இன் 14332 இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது. எல்டிஎஸ்சி 2024-இன் 17928 தாராளமாக மேலே இருக்கிறது. மொத்த உரிமத்தில் வந்த 2019 வெகு கீழே. அதாவது நீளமான கோப்புகளோடு நாள் முழுக்க வாழ்பவர் 15000-க்குக் கீழே இருந்தால், அவருக்குப் பதிப்பை மாற்றும் செலவு நியாயமானது. தயங்காமல் மாற்றலாம்.

மாற்ற முடியாத நிலையிலும் செய்யக்கூடியவை உண்டு. என்விடிஏ விசை, கண்ட்ரோல், டி சேர்த்துத் தட்டினால் ஆவண வடிவமைப்பு அமைப்புகள் வரும். அங்கே கர்சருக்குப் பின்னால் வரும் வடிவமைப்பு மாற்றங்களை அறிவி என்ற தேர்வு இருக்கும். அது தாமதம் தரலாம் என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். அதை அணையுங்கள். எழுத்துரு, நிறம், பாணி, வரி எண் என்று தேவையில்லாத அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணையுங்கள். தேவைப்படும்போது என்விடிஏ விசையுடன் எஃப் தட்டினால் அந்த இடத்தின் வடிவமைப்பு முழுவதும் கேட்டுவிடலாம், எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

அடுத்து டிராஃப்ட் வியூ. பக்க அமைப்பைக் கணக்கிடும் வேலை வேர்டுக்குக் குறையும். இதற்கான கண்ட்ரோல் ஆல்ட் என் என்ற குறுக்குவிசையை நாம் பயன்படுத்த முடியாது, அது என்விடிஏவையே மறுபடி தொடங்கிவிடும். ஆல்ட், டபிள்யூ, ஈ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுங்கள்.

பில்ட் 15000-க்கு அருகில் இருந்தால், புதிய வழியைக் கட்டாயப்படுத்தியும் பார்க்கலாம். என்விடிஏ அமைப்புகளில் அட்வான்ஸ்ட் பக்கத்தில், வேர்ட் ஆவணங்களுக்கு யுஐ ஆட்டோமேஷனைப் பயன்படுத்துவது பற்றிய தேர்வு இருக்கிறது. அதை 'ஆல்வேஸ்' என்று வைக்கலாம். பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் எச்சரிக்கையை ஏற்றுக் குறியிட்டால்தான் மற்றவை திறக்கும். பழைய பில்ட்களில் இந்த வழி முழுமையானதல்ல, சில தகவல்கள் விடுபடலாம், தவறாகவும் வரலாம். தேர்வுக்கான கோப்பையோ சட்ட ஆவணத்தையோ வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒத்துவராவிட்டால் அதே பக்கத்தில் இயல்புநிலைக்குத் திருப்பும் பொத்தான் இருக்கிறது.

"ஆங்கிலம் வாசிக்கிறது, தமிழ் வரும்போது மௌனம்"

தமிழில் வேலை செய்கிறவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். இதற்கும் ஆபீஸை மாற்றச் சொல்லி ஆலோசனை தருகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

ஆங்கிலத்துக்கு மட்டுமான குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். தமிழ்க் குரல் வேண்டும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும், கொஞ்சம் இயந்திரத்தனமாக. விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் பேச்சுத் தொகுப்பையும் நிறுவினால் மைக்ரோசாஃப்டின் வள்ளுவர் குரல் கிடைக்கும். என்விடிஏ விசை, கண்ட்ரோல், எஸ் தட்டி 'விண்டோஸ் ஒன்கோர் வாய்சஸ்' தேர்ந்தெடுத்தால் அது பட்டியலில் வரும்.

குரல் இருந்தும் மௌனம் தொடர்கிறதா? வேர்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மொழி முத்திரை வைத்திருக்கிறது. தமிழ் 99 விசைப்பலகையை விண்டோஸிலேயே சேர்த்துத் தட்டச்சு செய்தால் தமிழ் முத்திரை விழும். விண்டோஸின் உள்ளீட்டு மொழி ஆங்கிலத்தில் இருக்க, வேறொரு தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ் எழுத்து வந்தால் ஆங்கில முத்திரையே விழும். என்விடிஏ அந்த முத்திரையை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறுகிறது, ஆங்கிலக் குரல் வாயைத் திறப்பதில்லை. உடனடித் தீர்வு: என்விடிஏ விசை, கண்ட்ரோல், வி தட்டி, தானாக மொழி மாறும் தேர்வை அணைத்துவிட்டுத் தமிழ்க் குரலிலேயே இருங்கள். கோப்பு உங்களுடையதென்றால், முழுவதையும் தேர்ந்தெடுத்து ரிவ்யூ பட்டையில் லாங்குவேஜ் வழியாகத் தமிழ் என்று வையுங்கள். அப்போது இன்னொரு தொல்லையும் குறையும்: ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் முன்னால் எழுத்துப்பிழை, எழுத்துப்பிழை என்று சொல்லிக்கொண்டே வருவது. அதற்கும் காரணம் அதே ஆங்கில முத்திரைதான்.

"தமிழ்க் கோப்புதான், ஆனால் ஆங்கில எழுத்தாக உளறுகிறது"

தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று கேட்டால் அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். என்விடிஏ விசையுடன் எஃப் தட்டினால் எழுத்துருவின் பெயர் கேட்கும்: பாமினி, வானவில் அவ்வையார், இன்னும் இப்படிப் பல. எழுத்துருவை லதா என்ற யூனிகோட் எழுத்துருவாக மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது, உள்ளே இருக்கும் எழுத்து மாறுவதில்லை.

சந்தேகமாக இருந்தால் எண் விசைப்பலகையின் 2-ஐ மூன்று முறை வேகமாகத் தட்டுங்கள், கர்சரில் இருக்கும் எழுத்தின் குறியீட்டு எண்ணைச் சொல்லும். 2944-லிருந்து 3071-க்குள் வந்தால் அது யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் உள்ள தமிழ். எடுத்துக்காட்டாக, 'த' என்றால் 2980. நூற்றுச் சொச்சம் வந்தால் பாமினி போன்ற பழைய முறை. 57344-க்கும் 63743-க்கும் இடையில் வந்தால், டேஸ் 16 குறியாக்கமாக இருக்கலாம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த முறை அது. தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய எண்களில் அமர்ந்திருப்பதால் திரைவாசிப்பான்களுக்கு அது புரிவதில்லை.

தீர்வு, கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது மட்டுமே. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் கணினியிலேயே இதைச் செய்யும். இணையத்தில் ஒட்டி மாற்றும் தளங்களும் இருக்கின்றன, ஆனால் அலுவலக ரகசியமோ மருத்துவ விவரமோ உள்ள கோப்பை அங்கே ஒட்ட வேண்டாம். அனுப்புகிறவரிடம் யூனிகோடில் கேட்பது இதையெல்லாம் விட நல்லது. யூனிகோடை அரசே தரமாக ஏற்றுப் பதினைந்து ஆண்டு தாண்டிவிட்டது. இன்னமும் பாமினியில் அறிக்கை அனுப்புவது, பார்வையற்ற ஊழியரை வாசிக்க விடாமல் தடுப்பதற்குச் சமம். இதைக் கூச்சமில்லாமல் எழுத்தில் கேளுங்கள்.

"கண்ட்ரோல் ஓ தட்டினால் எங்கோ போய் மாட்டிக்கொள்கிறேன்"

புதிய பதிப்புகளில் திறப்பதும் சேமிப்பதும் பேக்ஸ்டேஜ் என்ற முழுத்திரைப் பக்கத்துக்கு இழுத்துப்போகும். ஆப்ஷன்ஸ், சேவ் பக்கத்தில், குறுக்குவிசையில் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் பேக்ஸ்டேஜைக் காட்டாதே என்ற தேர்வைக் குறியிடுங்கள். பழைய பெட்டி திரும்பிவிடும். அமைப்பைத் தொட முடியாத பொதுக் கணினியில் திறக்கக் கண்ட்ரோல் எஃப்12, வேறு பெயரில் சேமிக்க எஃப்12. இந்தக் காரணத்துக்காக 2010-ஐப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 அக்டோபரிலேயே நின்றுவிட்டன. இந்த ஒரு தேர்வுப்பெட்டியை மாற்றிக்கொண்டு மேலே வந்துவிடலாம்.

"எஃப்7 தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை"

நடந்திருக்கிறது, பக்கத்தில். பழைய பதிப்புகளில் எழுத்துப்பிழைக்குத் தனிப் பெட்டி வந்து கவனத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். 365-இலும் அண்மைப் பதிப்புகளிலும் எடிட்டர் என்ற பக்கப்பலகை வருகிறது. எஃப்6 தட்டி அதற்குள் போகலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆல்ட் எஃப்7: அடுத்த பிழைக்குத் தாவி, பரிந்துரைகளோடு சின்ன மெனுவைத் திறக்கும். எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும், புதிதாக எதையும் கற்க வேண்டாம்.

கமெண்ட்களும் இப்படி மாறியிருக்கின்றன. புதிய வகையில் கமெண்ட் எழுதி முடித்ததும் கண்ட்ரோல் என்டர் தட்டி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது வரைவாகவே நிற்கும், மற்றவர்களுக்குப் போகாது. கமெண்ட் உள்ள இடத்தில் அதன் உள்ளடக்கத்தைக் கேட்க என்விடிஏ விசை, ஆல்ட், சி.

"எக்செல்லில் எண் மட்டும் கேட்கிறது, எந்த நெடுவரிசை என்று தெரியவில்லை"

தலைப்பு வரிசையின் முதல் கலத்தில் நின்று என்விடிஏ விசை, ஷிஃப்ட், சி. இனி பக்கவாட்டில் நகரும்போது தலைப்பும் சேர்ந்து கேட்கும். வரிசைத் தலைப்புக்கு என்விடிஏ விசை, ஷிஃப்ட், ஆர். இந்த விவரம் கோப்போடு சேமிக்கப்படும், ஜாஸ் பயன்படுத்தும் நண்பருக்கு அனுப்பினாலும் அவருக்கும் தலைப்புகள் கிடைக்கும். குழுவாக வேலை செய்யுமிடத்தில் ஒருவர் செய்துவைத்தால் எல்லோருக்கும் பயன்.

எண்ணுக்குப் பதில் 'நம்பர் நம்பர் நம்பர்' என்று கேட்டால், நெடுவரிசை குறுகலாக இருக்கிறது, எக்செல் அங்கே எண்ணுக்குப் பதில் குறியை நிரப்பியிருக்கிறது. கண்ட்ரோல் ஸ்பேஸ் தட்டி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட், எச், ஓ, ஐ. அகலம் சரியாகிவிடும்.

எக்செல் மந்தமாக இருந்தால், இங்கும் யுஐ ஆட்டோமேஷன் தேர்வு ஒன்று என்விடிஏவின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் இருக்கிறது. பில்ட் 16.0.13522-ஐ எட்டியிருந்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும். இது இன்னும் சோதனை நிலைதான், எக்செல்லுக்கு என்விடிஏ தரும் சில வசதிகள் போய்விடும். மிகப் பெரிய தாள்களில் தவிர நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

"அவுட்லுக் ஒரே நாளில் வேறு மாதிரி ஆகிவிட்டது"

புதிய அவுட்லுக் இணையப் பக்கத்தின் மேல் கட்டியது. பழைய விசைப் பழக்கங்கள் பல அங்கே செல்லாது. ஹெல்ப் பட்டையில் கிளாசிக் அவுட்லுக்குக்குத் திரும்பும் பொத்தானைப் பாருங்கள். கிளாசிக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அவசரமில்லை. வேலை நாளில் கிளாசிக்கில் இருந்துகொண்டு, ஓய்வான நேரத்தில் புதியதைப் பழகிக்கொள்ளலாம்.

"கூகுள் டாக்ஸ் பேசவில்லை, லிப்ரே ஆபீஸில் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியவில்லை"

கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல் ஆல்ட் இசட் தட்டித் திரைவாசிப்பான் ஆதரவை இயக்க வேண்டும். அப்புறம் என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் தட்டி, இணையப் பக்கங்களை வாசிப்பதற்கான பிரவுஸ் மோடிலிருந்து வெளியே வர வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் மௌனம்தான். வேர்டின் இணையப் பதிப்பிலும் பிரவுஸ் மோடை அணைத்தே எழுத வேண்டும். பட்டைகளுக்கு இடையே நகர அங்கே கண்ட்ரோல் எஃப்6.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எஃப்5 தட்டினால் நேவிகேட்டர் வரும், தலைப்புகள் மரமாக இருக்கும், என்டர் தட்டினால் அங்கே போய்விடும். லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பானோடு பயன்படுத்துகிறவர்கள், ஜிடிகே 3 தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ரைட்டர் சரியாகப் பேசாது. சொந்தக் கட்டுரை, கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் போதும். பிறர் அனுப்பும் வேர்ட் கோப்பில் ட்ராக் சேஞ்சஸும் கமெண்ட்டுமாக நாள் கழிகிறவர்களுக்கு வேர்டே வேண்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இப்போது எந்தப் பதிப்பு?

ஆதரவுக் காலத்தை முதலில் பாருங்கள். 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. 2021-க்கு 2026 அக்டோபர் 13. 2024-க்கு 2029 அக்டோபர் 9. சந்தா கட்டும் வரை 365-க்கு முடிவில்லை.

ஒரு முறை வாங்கும் பதிப்பில் வசதிகளும் திரையும் பெரிதாக மாறுவதில்லை. விசைகளை விரல் நினைவில் வைத்து வேலை செய்கிற நமக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அணுகல்தன்மையில் புதிதாக வரும் மேம்பாடுகள் அங்கே வந்து சேருவதில்லை. 365-இல் அவை வரும், கூடவே திரை மாற்றங்களும் சொல்லாமல் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பழகிய பொத்தான் இடம் மாறியிருக்கலாம்.

என் கருத்து இது. தனியாக எழுதுகிறவர், மாணவர், பாடம் தயாரிக்கும் ஆசிரியர் ஆகியோருக்கு 2024 நல்ல தேர்வு: பில்ட் 15000-ஐத் தாண்டியது, நிலையானது, பல ஆண்டு ஆதரவு மிச்சம் இருக்கிறது. ஒரே கோப்பில் பலரோடு சேர்ந்து எழுத வேண்டியவருக்கு 365. அலுவலகமாக இருந்தால், புதுப்பிப்புகள் உடனுக்குடன் வராமல் மாதத்துக்கு ஒரு முறை குறித்த நாளில் வரும் எண்டர்பிரைஸ் சேனலில் உங்கள் கணினியை வைக்கும்படி தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள். 2021 வைத்திருப்பவர், பில்ட் எண் உயரமாக இருந்து வேகமும் திருப்தி என்றால், ஆதரவு முடியும் நாள் நெருங்கும் வரை பொறுக்கலாம்.

எதை எடுத்தாலும் என்விடிஏவையும் புதிதாக வைத்திருங்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசித் தொடர் 2023.3. அதில் நிற்கிறவருக்கு ஆபீஸை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, விண்டோஸிலிருந்து தொடங்க வேண்டும்.

அலுவலகம் வாங்கித்தர வேண்டிய நிலை என்றால், இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான வசதியமைப்பைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. கடிதத்தில் பில்ட் எண், என்விடிஏ பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, எந்தச் செயலில் என்ன கேட்டது, நரேட்டரில் என்ன கேட்டது என்ற ஐந்தையும் எழுதுங்கள். என்விடிஏ விசையுடன் எஃப்1 தட்டினால் வரும் செயல்பாட்டுக் குறிப்பையும் (லாக்) இணைக்கலாம், அதில் தட்டச்சு செய்த தனிப்பட்ட விஷயம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு. பழைய ஆபீஸை நீக்குவதற்கு முன், உங்கள் கோப்புகளிலேயே நீளமானது ஒன்று, அட்டவணை நிறைந்தது ஒன்று, தமிழ்க் கோப்பு ஒன்று எடுத்துக்கொண்டு, புதிய பதிப்பு இருக்கும் வேறொரு கணினியில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.